காரைக்குடியிலிருந்து மனோரா வரை: ஆவுளியாவைத் தேடி ஏழு நாள்

எங்கள் ஐயா, அதாவது அப்பாவைப் பெற்றவர், தேவகோட்டைக்கும் தொண்டிக்கும் இடையே மாட்டுவண்டி ஓட்டியவர். போகும்போது நெல்லும் புளியும் ஏற்றிக்கொண்டு போய், வரும்போது கருவாடும் சிப்பிச் சுண்ணாம்பும் கொண்டுவருவார். செட்டிநாட்டு வீட்டுச் சுவர்கள் இன்றும் கண்ணாடிபோல் வழவழப்பாக இருப்பதற்குச் சுண்ணாம்பும் முட்டையின் வெள்ளைக்கருவும் சேர்த்து அரைத்த சாந்துதான் காரணம் என்று எல்லோரும் சொல்வார்கள். அந்தச் சுண்ணாம்பில் ஒரு பங்கு ஐயாவின் வண்டியில் வந்தது என்பது எங்கள் வீட்டுப் பேச்சு. அதே வண்டியில் ஒருமுறை பனையோலையில் சுற்றிய ஆவுளியாக் கறி வந்ததாகவும், அப்பத்தா அதை ஆட்டுக்கறிக்கு அரைப்பதுபோல் மிளகும் சோம்பும் அரைத்துக் குழம்பு வைத்ததாகவும் அப்பா சொல்லியிருக்கிறார். ஆவுளியா என்பது கடற்பசு. அதை உண்ட தலைமுறை எங்கள் வீட்டில் இன்னும் உயிரோடு இருக்கிறது. அதைக் கடலில் உயிரோடு பார்த்தவர் எங்கள் வீட்டில் ஒருவரும் இல்லை.

இந்த எண்ணம் பல ஆண்டுகளாக என்னை விடவில்லை. காரைக்குடியில் பழைய வீட்டுக் கதவு, தூண், உத்தரம் விற்கும் ஒரு கடையில் கணக்கு எழுதும் எனக்கு ஆண்டின் கடைசி வாரத்தில்தான் விடுப்புக் கிடைக்கும். திருச்சியில் விலங்கியல் படிக்கும் என் அக்கா மகனும் ஊருக்கு வந்திருந்தான். ஆளுக்கொரு முதுகுப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, நடக்க முடிந்த இடத்தில் நடந்தும், சேறும் வேலியும் மறித்த இடத்தில் பேருந்து ஏறியும், தொண்டியிலிருந்து வடக்கே மனோரா வரை கரையோரமாகப் போய்வருவது என்று முடிவு செய்தோம்.

டிசம்பர் 26, வெள்ளி – கொள்ளுகுடிப்பட்டி

கடலுக்குப் போகும் முன் எதிர்த்திசையில் ஒரு நாள் போனோம். திருப்பத்தூருக்கு அப்பால் மதுரைச் சாலையை ஒட்டியுள்ள வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயம் எங்கள் சிவகங்கை மாவட்டத்தின் பெருமை. கண்மாய்க்குள் நிற்கும் கருவேல மரங்களில் நத்தைக்குத்தி நாரைகள் கூடு கட்டியிருந்தன. ஒவ்வொரு மரமும் வெள்ளைத்துணி உலர்த்தியதுபோல் இருந்தது. கரையில் கால் வைத்ததுமே எச்சத்தின் காரமான நெடி மூக்கில் ஏறியது. அரைமணி நேரத்தில் அது பழகிவிட்டது.

மருமகன் தொலைநோக்கியை என்னிடம் கொடுத்து, “மாமா, பெரிய பறவையோட அலகையும் குஞ்சோட அலகையும் மாத்தி மாத்திப் பாருங்க” என்றான். வளர்ந்த நாரையின் அலகை மூடினாலும் நடுவில் ஒரு கீற்று இடைவெளி தெரிகிறது; பாக்குவெட்டியின் இரண்டு தகடுகளுக்கு நடுவே தெரியும் வெளிச்சம் போன்றது அது. வயலில் நத்தையைப் பிடித்து அதன் சதையை உருவி எடுக்கும் அந்த அலகில், குஞ்சாக இருக்கும்போது இடைவெளியே இருப்பதில்லை. வளர வளரத்தான் வருகிறது. எத்தனையோ முறை பேருந்தில் இந்த வழியாகப் போயிருந்தும் இதை இன்றுதான் பார்த்தேன்.

கண்மாய்க்கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஓர் ஆச்சியிடம் பேச்சுக்கொடுத்தோம். பறவைகள் மிரண்டுவிடக் கூடாது என்று இந்தக் கொள்ளுகுடிப்பட்டியில் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை என்பது தமிழ்நாடு முழுவதும் அறிந்த செய்தி. 1977-இல் அரசு இதைச் சரணாலயமாக அறிவித்தது. வெடி வெடிக்காத ஊர்ப்பிள்ளைகளுக்கு வனத்துறையினர் தீபாவளிதோறும் இனிப்புக் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். சின்னப்பிள்ளைகள் ஏங்கிப்போகாதா என்று கேட்டதற்கு அந்த ஆச்சி, “பிள்ளைத்தாச்சி இருக்கிற வீட்டு வாசல்ல யாராச்சும் வேட்டுப் போடுவாகளா?” என்று திருப்பிக் கேட்டார். பறவை எச்சம் கலந்த தண்ணீர் பாயும் வயலுக்கு அவர்கள் அதிகமாக உரம் வாங்குவதில்லை என்பதையும் அவரே சொன்னார்.

இரவு தேவகோட்டையில் அக்கா வீடு. ஏழு நாளைக்கு வேண்டும் என்று தேன்குழலும் மாவுருண்டையும் இரண்டு தூக்குவாளி நிறைய வைத்திருந்தார். முதுகுப்பை மூன்று கிலோ கூடியது. மறுக்க மனம் வரவில்லை.

டிசம்பர் 27, சனி – காரங்காடு

தொண்டிக்குத் தெற்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது காரங்காடு. அலையாத்திக் காட்டுக்குள் படகில் போய்வரும் ஏற்பாட்டை வனத்துறையும் ஊர்மக்களும் சேர்ந்து நடத்துகிறார்கள். மீன்பிடிக்கும் குடும்பத்து இளைஞர்களே படகோட்டிகள். செங்கோல் மாதா கோவிலுக்குக் கிறிஸ்துமஸ் அலங்காரம் இன்னும் பிரிக்கப்படாமல் இருந்தது. படகுத்துறை முழுதும் விடுமுறைக் கூட்டம்.

எங்கள் படகில் இருந்த ஒரு குடும்பத்தின் பையன் கைப்பேசியில் சத்தமாகப் பாட்டு வைத்தான். படகோட்டி எஞ்சினை நிறுத்திவிட்டு, குரலை உயர்த்தாமல், “தம்பி, நம்ம பாட்டு வீட்ல கேட்டுக்கலாம். இதுக இருக்கிற வீட்டுக்கு வந்திருக்கோம்” என்றார். பையனின் தாயார் உடனே வாங்கி அணைத்துவிட்டார். அதன் பிறகு துடுப்புச் சத்தமும், சேற்றில் நண்டுகள் வளைக்குள் ஓடும் சலசலப்பும் தவிர வேறு ஒலி இல்லை.

அலையாத்தி மரத்தைச் சுற்றிலும் சேற்றிலிருந்து விரற்கடை உயரத்துக்கு வேர்கள் மேல்நோக்கி நிற்கின்றன. காற்றுப் புகாத சேற்றில் மூச்சுவிட அந்த மரம் கண்ட வழி அது. படகோட்டி ஓர் இலையைத் திருப்பி நாக்கில் வைத்துப் பார்க்கச் சொன்னார். இலையின் மேல் படிந்திருந்த பொடி உப்புக் கரித்தது. வேர் உறிஞ்சிய உப்பை மரம் இலை வழியாக வெளியே தள்ளுகிறது. வெயிலில் அந்த இலையைச் சாய்த்துப் பிடித்தபோது, அப்பளத்தின் மேல் தெரியும் உப்புக்கல்போல் மிக நுண்ணிய மணிகள் மின்னின.

கழிமுகத்தைத் தாண்டிப் படகு வெளிக்கடலைத் தொட்ட இடத்தில், வெகு தூரத்தில், இளஞ்சிவப்புக் கோடு ஒன்று தெரிந்தது. தொலைநோக்கியில் அது பூநாரைக் கூட்டமானது. கிட்டே போகலாமா என்று ஒருவர் கேட்டார். “எழுப்பிவிட்டா அதுகளுக்கு இரை போச்சுங்க” என்று சொல்லிப் படகோட்டி படகைத் திருப்பிவிட்டார். கூடுதல் காசு கொடுக்கிறேன் என்று அந்த மனிதர் சொன்னதற்கு அவர் பதிலே சொல்லவில்லை.

மதியம் ஊர்ப்பெண்கள் சமைத்த சாப்பாடு: சோறு, மீன்குழம்பு, கணவாய் வறுவல், மிளகு தூக்கலாக நண்டு சூப். செட்டிநாட்டு நண்டு மசாலாவில் வளர்ந்த நாக்கு எனக்கு. ஆனாலும் காலையில் பிடித்த நண்டை மதியம் உண்ணும்போது மசாலாவுக்கு அங்கே அதிக வேலை இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். இருவருக்கும் 380 ரூபாய். இரவு தொண்டியில் 700 ரூபாய்க்கு ஓர் அறை கிடைத்தது. சன்னல் கொசுவலை கிழிந்திருந்ததால் விடிய விடியத் தூக்கம் இல்லை.

டிசம்பர் 28, ஞாயிறு – தொண்டி, தீர்த்தாண்டதானம்

விடியற்காலை ஐந்தரைக்கே கரைக்குப் போனோம். இந்தப் பக்கத்துக் கடலைப் பெண் கடல் என்கிறார்கள். மன்னார் வளைகுடாப் பக்கம் ஆண் கடல். பாக் விரிகுடா ஆழம் குறைந்தது. எதிரே இலங்கை மறைத்து நிற்பதால் பெரிய அலை எழுவதில்லை. 2004 ஆழிப்பேரலையின்போது நாகப்பட்டினம் பட்ட பாட்டை இந்தக் கரை படாமல் தப்பியதற்கும் அந்த மறைவே காரணம். முந்தாநாள்தான் அதன் நினைவு நாள். கரையில் ஒரு படகின் முகப்பில் காய்ந்த சாமந்தி மாலை கிடந்தது.

ஓர் அக்காள் மணலில் அமர்ந்து நண்டு வலையைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தார். வலையோடு வந்த தாழையை, அதாவது கடற்புல்லை, ஒருபுறம் உதறிக் குவித்திருந்தார். அந்தக் குவியலைக் கிளறிய மருமகன் திடீரென மண்டியிட்டான். அவன் உள்ளங்கையில் ஒரு கடல் குதிரை. என் சுண்டுவிரல் நீளம்தான் இருக்கும். குதிரை முகம், கட்டங்கட்டமாகச் செதுக்கிய உடம்பு, வாலின் நுனி வலைநூலின் ஒரு துண்டை இரண்டு சுற்றுச் சுற்றிப் பிடித்திருந்தது. முதலில் செத்துவிட்டது என்றே நினைத்தேன். அப்போது அதன் கண் அசைந்தது. இரண்டு கண்ணும் சேர்ந்து அசையவில்லை. ஒரு கண் என்னைப் பார்க்க, மற்றொன்று கடலைப் பார்த்தது. வயிற்றுக்குக் கீழே பை தடித்திருப்பதைக் காட்டி, “மாமா, இது ஆண். குட்டிகளைச் சுமக்கிறது இதுதான்” என்றான் அவன்.

காய்ந்த கடல் குதிரைக்கு வெளிநாட்டு மருந்துச் சந்தையில் நல்ல விலை உண்டு. கடல் அட்டையைப் போலவே இதையும் 2001-இல் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்து, பிடிப்பதைத் தடை செய்தார்கள். அந்த அக்காளுக்கு அது தெரிந்தே இருந்தது. “நிக்காதீக, இடுப்புத் தண்ணிக்குக் கொண்டுபோய் விட்டுட்டு வாங்க. ஓரத்துல விட்டா திரும்ப ஒதுங்கிரும்” என்று அவசரப்படுத்தினார். கால்சட்டையோடு இருவரும் இறங்கினோம். வாலைச் சுற்றியிருந்த நூலை நகத்தால் பிரிக்க ஐந்து நிமிடம் ஆயிற்று. நூல் விட்டதும் அது நிமிர்ந்து, முதுகுத் துடுப்பை விசிறிபோல் அடித்துக்கொண்டு, நின்றவாக்கில் கீழே இறங்கிப் புல்லுக்குள் போய்விட்டது.

இதற்குள் என் கைப்பேசி சட்டைப்பையோடு நனைந்துவிட்டது. மூன்று நாள் அரிசிக்குள் புதைத்து வைத்தும் உயிர் வரவில்லை. இதன் பிறகு எடுத்த படங்கள் எல்லாம் மருமகனுடையவை.

தீர்த்தாண்டதானம் வரை கரையோரமாகவே நடந்தோம். வழியெல்லாம் பனையும் சீமைக்கருவேலமும். இராமன் இங்கே நீராடியதாகச் சொல்லும் சிவன் கோவில் வாசலில் இளநீர் 40 ரூபாய். உச்சிவெயிலில் சுந்தரபாண்டியன்பட்டினத்தை எட்டியபோது குதிகாலில் இரண்டு கொப்புளம். தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கும் எங்கள் ஊர்க்காரர்களின் வழியில் நல்லெண்ணெய் தடவித் துணி சுற்றினேன். மீமிசலுக்குப் பேருந்தில் போய்த் தங்கினோம்.

டிசம்பர் 29, திங்கள் – மீமிசலுக்கு வடக்கே

பயணத்தில் மனம் சோர்ந்த நாள் இது.

அதிகாலையிலேயே வாடைக்காற்றோடு மழை பிடித்துக்கொண்டது. ஒன்பது மணிக்குச் சற்று ஓய்ந்ததும் கரைக்குப் போக வழி தேடினோம். வரைபடத்தில் கரை வரை வண்டிப்பாதை இருந்தது. நேரில் அது ஓர் இறால் பண்ணையின் கம்பிவேலியில் முடிந்தது. காவலாளி நல்ல மனிதர். ஆனால் உள்ளே விட அவருக்கு அதிகாரம் இல்லை. சுற்றிப் போகச் சொன்னார். சுற்றிப் போன வழியில் அடுத்த பண்ணை. வேலிக்கு வெளியே பண்ணைக் கழிவுநீர் போகும் வாய்க்கால் பச்சையாக நுரைத்துக் கிடந்தது. அது போய்ச் சேரும் இடமும் இந்தப் பெண் கடல்தான்.

கடைசியில் ஓர் ஓடையைக் குறுக்கே கடக்கலாம் என்று நான் இறங்கினேன். மேலே மணல்போல் தெரிந்த இடத்தில் மூன்றாவது அடியில் முழங்கால் வரை சேறு விழுங்கிவிட்டது. இழுக்க இழுக்க இன்னும் இறங்கியது. “மாமா, அசையாதீங்க. பையைக் கழட்டி முன்னாடி போட்டு அதுமேல சாஞ்சுக்குங்க” என்று மருமகன் சொன்னபடி செய்து, தவழ்ந்து வெளியே வந்தேன். ஒரு செருப்பு சேற்றோடு போயிற்று. அக்கா கொடுத்த மாவுருண்டையும் சேற்றுநீர் புகுந்து வீணாயிற்று. அதற்குத்தான் அதிகம் வருந்தினேன்.

தூரத்திலிருந்து இதைப் பார்த்துக்கொண்டிருந்த ஒருவர் குடத்துத் தண்ணீரோடு வந்தார். என் காலைக் கழுவத் தானே தண்ணீர் ஊற்றினார். அந்தத் தண்ணீர் அவர் வீட்டார் விலைக்கு வாங்கும் குடிநீர் என்பது பிறகுதான் தெரிந்தது. காசு கொடுக்கக் கை போனதும், “இதுக்கெல்லாமா?” என்று கையைத் தள்ளிவிட்டார்.

மாலையில் பேருந்தில் ஜெகதாப்பட்டினத்தைக் கடந்து கோட்டைப்பட்டினம் போய்ச் சேர்ந்தோம். விசைப்படகுகள் திங்கள், புதன், சனி என்ற முறையில் கடலுக்குப் போகின்றன. அன்று திங்கள் என்பதால் படகுகள் இல்லாத துறைமுகம் வெறிச்சென்று கிடந்தது. புதுச் செருப்பு 180 ரூபாய்.

டிசம்பர் 30, செவ்வாய் – கோட்டைப்பட்டினம், அம்மாப்பட்டினம், மணமேல்குடி

விடியும் முன்பே படகுகள் திரும்பிவிட்டன. ஏலக்கூச்சல், பனிக்கட்டி அரைக்கும் இயந்திரத்தின் இரைச்சல், கூடைகளோடு ஓடும் பெண்கள் என்று நேற்றைய வெறுமைக்கு நேர்மாறாக இருந்தது துறைமுகம். நண்டும் இறாலும் கணவாயும் தனித்தனியே பிரிந்து போனபின் ஓரத்தில் ஒரு மேடு மிஞ்சியது. விரல்நீளக் காரலும், பெயர் வைக்கும் முன்பே பிடிபட்ட குஞ்சுகளும், உடைந்த சிப்பியும், கத்தை கத்தையாகத் தாழையும் அந்த மேட்டில் கிடந்தன. இது கோழித்தீவனத்துக்குப் போகுமாம்.

அந்தத் தாழையைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். கடற்பாசி வேறு, கடற்புல் வேறு. இதற்கு வேர் உண்டு, பூவும் உண்டு. ஆவுளியாவுக்கு இதைத் தவிர வேறு உணவு கிடையாது என்றே சொல்லலாம். வளர்ந்த ஒன்று நாளொன்றுக்கு 30 முதல் 40 கிலோ வரை தின்னும். கரையிலிருந்து மூன்று கடல்மைல் வரை விசைப்படகு மடி, அதாவது கடல்தரையை வாரும் இழுவலை, இழுக்கக் கூடாது என்று 1983-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் சொல்கிறது. ஆனால் மடிகளில் வேரோடு வந்த தாழையை என் கையாலேயே அந்த மேட்டிலிருந்து எடுத்துப் பார்த்தேன். வெள்ளை வேர்களில் ஈரச்சேறு ஒட்டியிருந்தது. நாட்டுப்படகுக்காரர்கள் இதைச் சொல்லும்போது குரலில் கோபத்தைவிட அலுப்பே மிகுந்திருக்கிறது.

தேநீர்க்கடையில் பேச்சுக்கொடுத்த ஒரு பாய், நாங்கள் காரைக்குடி என்றதும் எங்களை விடவில்லை. அவருடைய தகப்பனாரும் எங்கள் பக்கத்துச் செட்டியார் ஒருவரும் பர்மாவிலிருந்து ஒன்றாகக் கப்பல் ஏறி வந்தவர்களாம். வீட்டுக்கு அழைத்துப்போய் இடியாப்பமும் பாயாவும், கடைசியில் வட்டிலப்பமும் வைத்தார்கள். தேங்காய்ப்பாலும் முட்டையும் சர்க்கரையும் சேர்ந்து, கத்தி வைத்தால் நடுங்கும் பதத்தில் இருந்தது அது. அவருடைய தாயார் உள்ளறையிலிருந்தே, “பிள்ளையளுக்கு இன்னும் வைங்க, நடக்கிற புள்ளைய” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். எனக்கு 46 வயது. பிள்ளை என்று அழைக்கப்பட்டு வெகுநாள் ஆயிற்று.

அங்கிருந்து அம்மாப்பட்டினத்துக்கு நடந்தோம். இங்கிருந்து வடக்கே அதிராம்பட்டினம் வரையிலான கடலில் 448 சதுர கிலோமீட்டரைத் தமிழ்நாடு அரசு 2022 செப்டம்பர் 21 அன்று கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. இந்தியாவிலேயே ஆவுளியாவுக்கென்று அமைந்த முதல் பாதுகாப்பகம் இது. கரையில் நின்று பார்த்தால் மற்றக் கடலுக்கும் இதற்கும் ஒரு வேறுபாடும் தெரியாது. ஆனாலும் இருவரும் பையை இறக்கி வைத்துவிட்டு அரைமணி நேரம் சும்மா நின்றோம்.

மணமேல்குடிக்கு அருகே சேற்றுவெளியில் கொசு உள்ளான்களைப் பார்த்தோம். எண்ண முயன்று விட்டுவிட்டோம். ஒன்றின் எடை 30 கிராம்கூட இராது. நம் வீட்டுச் சிட்டுக்குருவி அளவுதான். வடதுருவத்தை ஒட்டிய சைபீரியச் சமவெளியில் முட்டையிட்டுக் குஞ்சு பொரித்துவிட்டு, பனிக்காலத்தைக் கழிக்க இந்தச் சேற்றுக்கு வருகின்றன. தையல் இயந்திரத்தின் ஊசிபோல் அலகு சேற்றில் இறங்கி ஏறிக்கொண்டே இருந்தது. ஒரு செம்பருந்தின் நிழல் விழுந்ததும் அத்தனையும் ஒரே வீச்சில் எழுந்தன. திரும்பும்போது வயிறுகள் வெள்ளையாகப் பளிச்சிட்டு, மறுகணம் சேற்று நிறத்தில் மறைந்தன. நேற்றைய அலுப்பு அதோடு போயிற்று.

டிசம்பர் 31, புதன் – மனோரா

கட்டுமாவடியைத் தாண்டியதும் தஞ்சாவூர் மாவட்டம். பேருந்தின் இருபுறமும் தென்னந்தோப்புகள். 2018 நவம்பரில் கஜா புயல் புரட்டிப்போட்ட தோப்புகளில் இப்போது நிற்பவை பலவும் அதன் பிறகு நட்ட கன்றுகள். ஒரே உயரத்தில் வரிசையாக நிற்பதைக் கொண்டே அது தெரிந்துவிடுகிறது.

மனோராவை இரண்டாம் சரபோஜி மன்னர் 1814-இல் கட்டினார். நெப்போலியனின் வீழ்ச்சியை, ஆங்கிலேயரின் நண்பர் என்ற முறையில், கொண்டாடுவதற்காக எழுப்பிய எட்டடுக்குக் கோபுரம் அது. ஐரோப்பாவில் நடந்த போருக்குத் தஞ்சைக் கடற்கரையில் நினைவுச்சின்னம் ஏன் என்று மருமகன் கேட்டான். அந்தக் கேள்வியைவிட எனக்கு அதன் எதிரே விரிந்திருந்த கடல்தான் முக்கியமாகப் பட்டது. சாயங்கால வெயிலில் தண்ணீர் இரண்டு நிறமாகத் தெரிந்தது. வெளிர்பச்சை மணல் தரை. திட்டுத்திட்டாகக் கரும்பச்சை தாழைக்காடு.

அருகிலுள்ள மீனவர் குடியிருப்பில் ஒரு பெரியவரிடம் மறுநாள் காலை படகில் அழைத்துப்போகக் கேட்டோம். ஆவுளியாவைக் காட்டுவதாக அவர் வாக்குக் கொடுக்கவில்லை. “நாப்பது வருசத்துல நானே பத்து பன்னெண்டு தடவைதான் பாத்திருப்பேன்” என்றார். இரவு கடைசி நாளைக் கொண்டாடும் பட்டாசுச் சத்தம் எங்கோ கேட்டது. கொள்ளுகுடிப்பட்டி ஆச்சியை நினைத்துக்கொண்டேன்.

ஜனவரி 1, வியாழன் – தாழைக்கு மேலே

ஆறு மணிக்குப் படகு ஏறினோம். காற்று இல்லை. எஞ்சினை நிறுத்திவிட்டுக் கழியால் ஊன்றிப் போனார் பெரியவர். ஆழம் ஓர் ஆளுக்கு மேல் இராது. குனிந்து பார்த்தால் புல்வெளி தெரிந்தது. காற்றில் சாயும் நாற்றங்கால்போல் நீரோட்டத்தில் ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தது. ஓரா மீன் கூட்டம் ஒன்று அதற்குள் மேய்ந்துகொண்டிருந்தது. நடுவில் ஓரிடத்தில் புல் இல்லாமல் ஒரு முழ அகலத்துக்கு வெள்ளைமணல் கோடு வளைந்து வளைந்து போவதைக் காட்டி, “இது மேஞ்ச தடம். ஏர் ஓட்டின சால் மாதிரி வேரோட புடுங்கித் தின்னுட்டுப் போகும்” என்றார். தடத்தின் ஓரம் இன்னும் கலையாமல் கூராக இருந்தது. பழைய தடமாக இருந்தால் மணல் சரிந்திருக்குமாம்.

இரண்டு மணி நேரம் காத்திருந்தோம். பேராமை ஒன்று தலை தூக்கி மூச்சுவிட்டு, எங்களைப் பார்த்துவிட்டு உடனே அமிழ்ந்தது. ஆலாக்கள் பாய்ந்து பாய்ந்து மீன் எடுத்தன. ஆவுளியா வரவில்லை.

திரும்பும்போது எங்கள் ஐயா வண்டியில் கறி வந்த கதையைப் பெரியவரிடம் சொன்னேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை. அவர் கோபப்படவில்லை. தம் தகப்பனாரும் அறுத்து விற்றவர்தான் என்றார். பிறகு, மூன்றாண்டுக்கு முன் தம் திருக்கை வலையில் ஒன்று மாட்டியதைச் சொன்னார். அது மூச்சுக்கு மேலே வந்தாக வேண்டிய பிராணி. சில நிமிடங்களுக்கு மேல் தாங்காது. வலையைத் தூக்கிச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தால் செத்துவிடும். அதனால் கத்தியை எடுத்து வலையை அறுத்துவிட்டார். வனத்துறை அவருக்குப் பாராட்டும் பரிசுத்தொகையும் கொடுத்தது. “மூச்சு விட்டுச்சு பாருங்க, ‘புஸ்’ன்னு. எங்க வீட்ல பசுமாடு தண்ணித்தொட்டியில மூஞ்சிய வச்சு விடுமே, அதே சத்தம்” என்று சொல்லிவிட்டுச் சிறிது நேரம் பேசாமல் கழி ஊன்றினார்.

கரையில் அந்த வலையைக் காட்டினார். இன்னும் பயன்பாட்டில் இருக்கிறது. வெயிலில் வெளுத்த வெள்ளை நூலின் நடுவே ஓரிடம் மட்டும் பச்சை நூலால் பின்னப்பட்டிருந்தது. அறுத்த இடத்தை அவரும் அவருடைய மனைவியும் நான்கு இரவு உட்கார்ந்து அடைத்தார்களாம். அன்றைக்குக் கடையில் வெள்ளை நூல் இருப்பு இல்லை. ஒவ்வொரு கண்ணியிலும் முடிச்சு ஒரே இறுக்கத்தில் இருந்தது. விரலால் தடவிப் பார்த்தபோது பழைய வெள்ளை முடிச்சு வழுவழுப்பாகவும் பச்சை முடிச்சு இன்னும் சொரசொரப்பாகவும் பட்டது.

மருமகன் அந்தப் பச்சைப் பகுதியின் மேல் குனிந்து இரு கைகளையும் விரித்து அளந்தான். இரண்டு பாகம் வந்தது. அவ்வளவு நீளமா இருந்தது அந்த ஆவுளியா என்று கேட்டான்.

“இல்ல தம்பி, ரெண்டு பாகம் இருக்காது” என்றார் பெரியவர். “வால் அடிச்சுத் திரும்ப இடம் வேணும்ல. அதான் சேத்து அறுத்தேன்.”